எண் முன்னால், பேர் பின்னால்: முருகன் வீடியோக்களை வரிசை மாறாமல் டிவிடியில் எழுதுவது எப்படி?

 

இந்தப் பதிவு கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா வீட்டில் டிவிடி பிளேயர் வச்சிருக்கிற தாத்தா பாட்டி யாராவது இருந்தா, கடைசி வரைக்கும் படிங்க. "இந்தக் காலத்துல யாருங்க டிவிடி பார்க்கிறாங்க" என்று கேட்கலாம். தி.நகர், மயிலாப்பூர் பக்கம் பழைய ஃப்ளாட்களுக்குப் போய்ப் பாருங்க. டிவிக்குக் கீழே, மேலே ஒரு துணி போட்டு மூடி, பிளேயர் இன்னும் இருக்கும். ஃபோன்ல யூட்யூப் தேடத் தெரியாத பெரியவங்களுக்கு ஒரு தட்டை உள்ளே தள்ளி ஒரு பட்டனை அழுத்துறது சுலபம். நடுவில் விளம்பரமும் வராது.

அதனால ஐப்பசி வந்தா, கந்த சஷ்டி ஆறு நாளும் எடுத்த வீடியோவை டிவிடியில் எழுதிக் கொடுக்கிற வழக்கம் நம்ம பசங்க நிறைய பேருக்கு இருக்கு. சூரசம்ஹாரத்தைத் துண்டு துண்டா எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் அழகா தமிழ்ல பேர் வச்சு எழுதுறாங்க. "தாரகன்", "சிங்கமுகன்", "சூரபத்மன்". பேரெல்லாம் சரிதான். பிளேயர்ல போட்டா என்ன ஆகும் தெரியுமா? முதல்ல சிங்கமுகன் வருவான், அடுத்து சூரபத்மன், அவன் மாமரமாகி சேவலும் மயிலுமாகி எல்லாம் முடிஞ்ச பிறகு, கடைசியா யானை முகத்தோட தாரகன் சண்டைக்கு வருவான்! கதைப்படி முதல்ல விழுந்தவன் அவன்தான். பாட்டி "என்னடா இது, செத்தவன் திரும்பி வரான்?" என்று கேட்டா பதில் சொல்ல முடியாது.

தப்பு பிளேயர் மேல இல்லை. அதுக்குக் கந்தபுராணம் தெரியாது, எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும். 'சி', 'சூ', 'தா' என்று அது ஒழுங்காத்தான் அடுக்கியிருக்கு.

அறுபடை வீட்டை எடுத்துக்குங்க. திருமுருகாற்றுப்படை வரிசையை இன்றைக்கு நாம் சொல்ற ஊர்ப்பேரில் சொன்னா திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை. பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் இருக்கிற அறுபடை வீடு கோயிலுக்குப் போனவங்களுக்கு ஆறையும் ஒரே சாயங்காலத்தில் சுத்தி வந்த அனுபவம் இருக்கும். இதே ஆறு பேரை வெறும் பேராக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தா சுவாமிமலை முதல்ல வரும். அடுத்து திருச்செந்தூர், திருத்தணி. முதல் படைவீடான திருப்பரங்குன்றம் நாலாவது இடத்துக்குப் போயிடும்.

அப்புறம் மிச்சம் இருக்கிற ரெண்டுல ஒரு வேடிக்கை. பழமுதிர்சோலையா, பழனியா, எது முன்னால? தமிழ் அகராதிப்படி 'ம'வுக்கு ரொம்பப் பின்னால, மெய்யெழுத்துல கடைசியா வர்றது 'ன'. அதனால பழமுதிர்சோலைதான் முதல்ல. ஆனா யூனிகோடு அட்டவணையில 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்துல உட்கார வச்சிருக்காங்க, 'ம'வுக்கு முன்னால. எண்ணை மட்டும் பார்த்து அடுக்குற கருவியில பழனி முதல்ல வந்துடும். தமிழ் தெரிஞ்ச மென்பொருள் ஒரு மாதிரி, தெரியாத பிளேயர் வேற மாதிரி. உங்க லேப்டாப்ல சரியா இருந்த வரிசை பாட்டி வீட்டுல மாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம். (இதை முதல்ல பார்த்தப்ப எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கோபம்.)

ஆக, எந்த எழுத்து வரிசையையும் நம்பாதீங்க. பேருக்கு முன்னால எண் போடுங்க. 01, 02, 03.

ஏன் வெறும் 1, 2, 3 போதாது? விண்டோஸ் ஃபோல்டர்ல போதும். அது எண்ணை எண்ணாகவே புரிஞ்சுக்கும், 2க்கு அப்புறம்தான் 10ஐக் காட்டும். நிறைய பிளேயருக்கு அந்த அறிவு கிடையாது. அது எழுத்து எழுத்தாப் பார்க்கும், 1, 10, 11, 12 எல்லாம் போன பிறகுதான் 2 வரும். பத்துக்கு மேல வீடியோ இருந்தா 01 என்று தொடங்குங்க, நூறைத் தாண்டினா 001. சைபர் போடுறது அழகுக்கு இல்லை.

எண்ணைக் கடைசியில் போடுறதும் ஆபத்து. "கந்த சஷ்டி விழா சிங்காரவேலர் சன்னதி மயிலாப்பூர் அபிஷேகம் பாகம் 3" என்று நீளமாப் பேர் வைக்கிறவங்க இருக்காங்க. சிடி, டிவிடியில் தமிழ்ப் பேரைத் தாங்குற ஜோலியட் என்கிற அமைப்பு ஒரு பேருக்கு 64 எழுத்துதான் கொடுக்கும். அதுவும் நாம் எண்ணுற எழுத்து இல்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனி கணக்கு. திருப்பரங்குன்றம் நமக்கு 10 எழுத்து, அதுக்கு 17. மேல சொன்ன பேரோட பின்னால வர்ற புள்ளி எம்பி4ஐயும் சேர்த்தா 64ஐத் தாண்டிடும். அப்போ வெட்டுப்படுறது வால் பக்கம். பாகம் 1, 2, 3 எல்லாத்துக்கும் ஒரே தலை மிஞ்சும், வித்தியாசம் காட்டின எண் காணாமப் போகும். முன்னால இருக்கிற எண்ணை யாரும் வெட்ட மாட்டாங்க.

இன்னும் பழைய பிளேயர்ன்னா ஜோலியட்டே தெரியாது. அது படிக்கிறது ஐஎஸ்ஓ 9660 என்கிற அடிப்படை அமைப்பை. அதோட முதல் நிலையில பேருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின்னால 3. இங்கிலீஷ் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். தமிழுக்கு இடமே இல்லை. தமிழ்ப் பேர் எல்லாம் கோடு கோடா மாறி நிற்கும். அந்த மாதிரி பிளேயருக்கு எழுதும்போது எண், அடிக்கோடு, அதுக்குப் பின்னால இங்கிலீஷ்ல அஞ்செழுத்து, மொத்தம் எட்டு என்று முடிச்சுக்குங்க. தமிழ்ப் பேர் எங்கே போகும் என்று கவலைப்படாதீங்க, கீழே சொல்றேன்.

பக்தியில சிலருக்கு ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணே போடணும்னு ஆசை வரும். நல்ல ஆசைதான், அட்டையில் போடுங்க. ஃபைல் பேரில் வேண்டாம். யூனிகோடில் அவை தமிழ் எழுத்துக்கெல்லாம் பின்னால இருக்கு, பழைய பிளேயர் வெறும் கட்டம் காட்டும்.

இன்னொரு பெரிய நம்பிக்கை: "நான் வரிசையா ஒண்ணொண்ணா இழுத்துப் போட்டுத்தான் எழுதினேன்." இழுத்துப் போட்ட வரிசை தட்டில் தங்காது. ஐஎஸ்ஓ 9660 விதிப்படி ஃபோல்டர் பட்டியலைப் பேர் வரிசையில்தான் எழுதணும். நீங்க எப்படிப் போட்டாலும் எழுதுற மென்பொருள் பேர் பார்த்துத் திரும்ப அடுக்கிடும். பென் டிரைவ் கதை இதுக்கு நேர் எதிர். அங்கே நிறைய டிவியும் கார் ஸ்டீரியோவும் எது முதல்ல காப்பி ஆச்சோ அதை முதல்ல பாடும், பேரைப் பார்க்கவே பார்க்காது. அதனால பென் டிரைவ்ல எண்ணும் போட்டு, காலியான டிரைவ்ல வரிசைப்படி ஒண்ணொண்ணா காப்பி பண்ணுங்க. ரெண்டு விதமான கருவிக்கும் சரியா இருக்கும்.

இந்த எண் போடுற பழக்கம் கம்ப்யூட்டர் கொண்டு வந்தது இல்லை. அறுபடை வீடு கோயில் இருக்கிற அதே பெசன்ட் நகர்லதான் உ.வே.சா. நூல் நிலையமும் இருக்கு. 1943ல தொடங்கினது. அவர் தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகளோட வீடு அது. சுவடின்னா, ஓலையில துளை போட்டு, கயிறு கோத்து, மேலயும் கீழயும் சட்டம் வச்சுக் கட்டினது. கயிறு அறுந்தா? ஓலை எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, ஒரே நீளம். அதனால எழுதினவங்க ஓலையின் ஓரத்தில் ஏட்டெண்ணைப் போட்டாங்க. கட்டு கலைஞ்சாலும் எண்ணைப் பார்த்துத் திரும்ப அடுக்கிக்கலாம். கயிறு வெளியே இருக்கு, எண் ஓலையிலேயே இருக்கு. நம்ம கதையில ஃபோல்டர்தான் கயிறு.

எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. என்ன இல்லை என்பதையும் அது சொல்லும். உ.வே.சா. 1894ல பதிப்பிச்ச புறநானூறை எடுத்துப் பாருங்க. 266ஆம் பாட்டுக்கு அப்புறம் 269தான். 267, 268 கிடைக்கலை. மிச்சத்தை நகர்த்தி 398 பாட்டுன்னு யாரும் திருத்தலை. காலியிடம் இன்றைக்கும் காலியிடமாவே இருக்கு. என்றைக்காவது எங்கேயாவது ஒரு ஓலை கிடைச்சா, அது போய் உட்கார இடம் தயாரா இருக்கு.

இது நேரா உதவின ஒரு விஷயத்தைச் சொல்லணும்.

நம்ம குரூப்புல ஒரு தம்பி. அவனோட தாத்தா மயிலாப்பூர்க்காரர், வெளிநாட்டுல இருக்கிற பேத்திக்காகக் கந்தர் அனுபூதியை நாளுக்கு ஒரு பாட்டு வீதம் ஃபோன்ல வீடியோ எடுத்து அனுப்பினார். காப்பு தனி, அப்புறம் 51 பாட்டு. ஒவ்வொண்ணும் சுமாரா ரெண்டு நிமிஷம், பாடிட்டுப் பொருளும் சொல்வார். தாத்தா இப்போ இல்லை. அவரோட ஃபோனும் கெட்டுப் போச்சு. வீடியோ எல்லாம் சொந்தக்காரங்க ஃபோன்ல சிதறிக் கிடந்தது. பாட்டி தி.நகர்ல இருக்காங்க. காலையில குளிச்சிட்டு அவரோட குரல் கூடவே சேர்ந்து சொல்லணும் என்பதுதான் அவங்க கேட்டது. அவங்களுக்கு 51ம் மனப்பாடம். வரிசை மாறினா உடனே நிறுத்திடுவாங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒருத்தருக்கு ஃபார்வர்டு பண்ணி வாங்கினாங்க. வாட்ஸ்அப் பழைய பேரை வச்சுக்கிறது இல்லை. விஐடி என்று மூணெழுத்து, அந்த ஃபோனுக்கு வந்த தேதி, டபிள்யூஏ, அப்புறம் அன்றைக்கு எத்தனாவது என்று நாலு இலக்க எண். தாத்தா பாடின தேதி போச்சு, எல்லாத்துக்கும் ஒரே தேதி. அந்த நாலு இலக்க எண்ணைப் பார்த்து வரிசைன்னு நம்பினா அவ்வளவுதான். அது பாட்டோட எண் இல்லை, வந்து சேர்ந்த எண்.

(அதனால ஒரு முக்கியமான வேண்டுகோள். இந்த மாதிரி வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பினா, கேலரியிலிருந்து அனுப்பாம "டாகுமெண்ட்" வழியா அனுப்புங்க. பேரும் மாறாது, படத்தோட தரமும் குறையாது.)

தம்பி என்ன பண்ணான்னா, பாட்டியையே பக்கத்துல உட்கார வச்சான். ஒவ்வொரு வீடியோவையும் பத்து செகண்ட் ஓட விட்டா போதும், பாட்டி எத்தனாவது பாட்டுன்னு சொல்லிடுவாங்க. சந்தேகம் வந்தா புத்தகத்துல முதல் சொல்லைத் தேடிப் பார்த்தாங்க. சில வீடியோவுல தாத்தாவே ஆரம்பத்துல "இன்னிக்குப் பதினேழாவது பாட்டு" என்று சொல்லியிருந்தார். அதுக்குத் தேடவே வேண்டியதில்லை. எந்த ஆப் பேரை மாத்தினாலும் வாயால சொன்ன எண்ணை மாத்த முடியாதே! நீங்க யாரையாவது பதிவு பண்ணும்போது இதைச் சொல்லச் சொல்லுங்க. ஊர், தேதி, எத்தனாவது பாட்டு, மூணே விஷயம்.

காப்புக்கு 00, பாட்டுக்கு 01லிருந்து 51 என்று பேர் வச்சு முடிச்சப்பதான் 37 இல்லைன்னு தெரிஞ்சது. யார் ஃபோன்லயும் இல்லை. அப்போ 38ஐ 37ன்னு மாத்திடலாமான்னு ஒரு யோசனை வந்திருக்கு. மாத்தக் கூடாதுன்னு பாட்டிதான் சொன்னாங்களாம். எனக்கு அந்த இடத்துல புறநானூறுதான் ஞாபகம் வந்தது.

அடுத்து, எந்த மாதிரி டிவிடி? இங்கே நிறைய பேர் குழம்புவாங்க, ஏன்னா வழி ரெண்டு இருக்கு. ஃபைலை அப்படியே போடுற டேட்டா டிவிடி ஒண்ணு. இன்னொண்ணு, கடையில விற்கிற படம் மாதிரி மெனுவோட வர்ற டிவிடி வீடியோ. பழைய பிளேயர் நிறைய, ஃபோன்ல எடுத்த எம்பி4ஐத் திறக்கவே திறக்காது. அதுக்கு டிவிடி வீடியோதான் வழி. ஆனா டிவிடி வீடியோவா மாத்தின உடனே உங்க ஃபைல் பேர் ஒண்ணு கூட மிஞ்சாது. உள்ளே இருக்கிறதெல்லாம் அதுவே வச்சுக்கிற பேர்கள்தான், ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 1 ஜிபி. உங்க எண்ணும் பேரும் ரெண்டே இடத்துல உயிரோட இருக்கும்: மெனுவுல நீங்க எழுதுற எழுத்துல, அத்தியாயங்களோட வரிசையில.

அதனால தம்பி 51ஐயும் 51 தனிப் படமாப் போடலை. வரிசையா ஒட்டி ஒரே படமாக்கி, ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கிற இடத்துலயும் ஒரு அத்தியாயம் வச்சான். ஒரு படத்துக்கு 99 அத்தியாயம் வரைக்கும் இடம் உண்டு. நடுவுல நிற்காம ஓடும், ஒவ்வொரு பாட்டுக்கு அப்புறமும் மெனுவுக்குத் திரும்புற தொல்லை இல்லை. அத்தியாயம் 1லதான் தொடங்கும், 0 கிடையாது. அதனால காப்பையும் முதல் பாட்டையும் சேர்த்து முதல் அத்தியாயமாக்கினான். இப்போ அத்தியாய எண்ணும் பாட்டு எண்ணும் ஒண்ணு. ரிமோட்ல 17 அழுத்தினா பதினேழாவது பாட்டு.

37க்கு? அந்த இடத்துல அரை நிமிஷம் நிற்கிற மாதிரி ஒரு படம் வச்சான். புத்தகத்திலிருந்து அந்தப் பாட்டைப் பெரிய எழுத்துல அடிச்சு, பின்னால சத்தம் எதுவும் இல்லாம. பாட்டி அந்த ஒண்ணை மட்டும் தனியாச் சொல்லிக்கிறாங்க. அப்புறம் 38ல தாத்தா குரல் திரும்ப வருது.

இந்த வேலைக்கு டிவிடி ஸ்டைலர் என்கிற இலவச மென்பொருள் போதும். நம்ம ஊர் பிளேயருக்குப் பால் முறையைத் தேர்ந்தெடுங்க, 720க்கு 576. மெனுவுல தமிழ் கட்டம் கட்டமா வந்தா தமிழ் எழுத்துரு ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டு முன்னோட்டம் பாருங்க. அப்படியும் சரியாகலைன்னா தமிழை ஒரு படமா செஞ்சு பின்னணியில் வச்சிடுங்க. ஒரு அடுக்கு டிவிடி 4.7 ஜிபி என்று அட்டையில் இருக்கும், விண்டோஸ் அதையே 4.38 என்று காட்டும், ரெண்டும் ஒண்ணுதான். நல்ல தரத்துல சுமார் ரெண்டு மணி நேரம் கொள்ளும்.

கூடவே ஒரு டேட்டா டிவிடியும் எழுதுங்க, கட்டாயம். டிவிடி வீடியோவா மாத்தும்போது தரம் குறையும், பேர் போகும். அசல் ஃபைல் அப்படியே இருக்கிற பிரதி ஒண்ணு வேணும். அதுலதான் தமிழ்ப் பேருக்கு இடம். எண் முன்னால வர மாதிரி ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், யுடிஎஃப்-8ல சேவ் பண்ணினது. எண், முழுத் தமிழ்ப் பேர், பாடினவர், எடுத்த தேதி, இடம், கிடைக்காத எண் எது, எல்லாம் அதுல. ஃபைல் பேர் நாளைக்கு எட்டு எழுத்தாச் சுருங்கினாலும் இந்தப் பட்டியலைப் பார்த்துத் திரும்ப வச்சுக்கலாம்.

டேட்டா டிவிடிக்கு விண்டோஸ்ல தட்டை உள்ளே போட்டா ரெண்டு கேள்வி கேட்கும்: யுஎஸ்பி டிரைவ் மாதிரி வேணுமா, சிடி டிவிடி பிளேயர்ல ஓடணுமா? ரெண்டாவதைத் தேர்ந்தெடுங்க. முதலாவது, கம்ப்யூட்டர்ல பார்க்க மட்டும்தான் நம்பகம். இம்க்பர்ன் மாதிரி மென்பொருள் வச்சிருக்கிறவங்க ஐஎஸ்ஓ 9660, ஜோலியட், யுடிஎஃப் மூணும் சேர்ந்த அமைப்பை டிக் பண்ணுங்க. எந்த வயசு பிளேயரா இருந்தாலும் தனக்குத் தெரிஞ்சதைப் படிச்சுக்கும். எழுதி முடிச்ச பிறகு சரிபார்க்கிற "வெரிஃபை" பெட்டியையும், தட்டை மூடுற "ஃபைனலைஸ்" பெட்டியையும் விடாதீங்க. மூடாத தட்டை வீட்டு பிளேயர் பல நேரம் காலித் தட்டுன்னு சொல்லும்.

வெத்துத் தட்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ரெண்டு ரூபாய் மிச்சத்துக்காகப் பேர் தெரியாத பிராண்டு வாங்காதீங்க. தட்டு மேல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி எழுதக் கூடாது, சிடிக்குன்னு விற்கிற மெல்லிய மார்க்கர் போதும். வெயில் படாத இடத்துல வையுங்க.

கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்ல ஓட்டிப் பார்த்தது கணக்கு இல்லை. அவங்க வீட்டு பிளேயர்லயே போட்டுப் பாருங்க. முழுசா உட்கார வேண்டாம். 9லிருந்து 10க்குப் போகிற இடம், காலியா விட்ட எண்ணுக்கு முன்னும் பின்னும், கடைசிப் பாட்டு, இந்த மூணு இடம் சரியா இருந்தா பெரும்பாலும் எல்லாமே சரியா இருக்கும். அப்படியே ரிமோட்ல எந்த பட்டன்னு ஒரு காகிதத்துல பெரிசா எழுதி டிவி பக்கத்துல ஒட்டிட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.